நத்தார் மாலைக்கு எந்தப் படம்?

டிசம்பர் 24 மாலை ஆறு மணி என்றால் எங்கள் வீட்டில் கேக் துண்டுகளுக்குத் தாள் சுற்றும் நேரம். கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி ஃபிளாட். குசினி மேசையில் அக்காவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்போம். அம்மா நள்ளிரவுப் பூசைக்கு முன் கொஞ்சம் கண்ணயரப் போயிருப்பார். என் கணவரும் அத்தானும் விளக்குச் சரத்தில் எரியாத துண்டு எது என்று ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் மிஞ்சாது. டிவிதான் கதி.

பிள்ளைகள் நாலு பேர். என் மகளுக்கு நாலரை வயது. அக்காவின் மகனுக்கு எட்டு, மகளுக்குப் பதினொன்று. எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துப் பையனுக்கு ஆறு. பெருநாளைக்கு நாங்கள் அங்கே போய் வட்டிலப்பம் சாப்பிடுவோம், நத்தாருக்கு அவன் இங்கே வந்துவிடுவான். இந்த நாலு பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே படத்தைக் காட்டுவது லேசான வேலை இல்லை. பதினொன்றுக்குப் பிடித்தது நாலரைக்குப் பயம். நாலரைக்குப் பிடித்தது பதினொன்றுக்கு அவமானம்.

போன வருடம் நான் போட்டது 'த போலார் எக்ஸ்பிரஸ்'. கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. 2004 இல் வந்த படம், அமெரிக்காவில் அதற்கு ஜி, பிரிட்டனில் யூ. இரண்டு நாட்டிலும் இருப்பதற்குள் மிக மென்மையான வயது முத்திரை. ரயில், பனி, வடதுருவம், சூடான சொக்லேட். இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேக்குக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் போனது. மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அம்மா, அந்தப் பொம்மைய எடுங்க" என்றாள். எந்தப் பொம்மை என்று எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனாள். சுவரைப் பார்க்காமலே விரலை மட்டும் நீட்டினாள். என் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த அம்பலாங்கொடை நூல்பொம்மை, பத்து வருடமாக அதே ஆணியில் தொங்குகிறது. அவள் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள்.

பிறகுதான் படத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு ரயில் பெட்டி வருகிறது. கைவிடப்பட்ட பழைய பொம்மைகள் இருட்டில் நூலில் தொங்குகின்றன. அதில் ஒன்று திடீரென்று உயிர் வந்தாற்போலக் குனிந்து படத்தின் கதாநாயகப் பையனைத் திட்டுகிறது. பொம்மையை மேலிருந்து ஆட்டுவது யார் என்பதும் அது ஏன் திட்டுகிறது என்பதும் அடுத்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மகள் அதுவரை காத்திருக்கவில்லை. காத்திருந்தாலும், விளக்கம் முழுவதும் இங்கிலிஷில்.

எங்கள் நூல்பொம்மை அன்று இரவே அலமாரிக்குள் போனது. இன்னும் அங்கேதான்.

முத்திரைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவை சொல்வதை ஒழுங்காகத்தான் சொல்கின்றன, நான்தான் வாசிக்கவில்லை. பிரிட்டிஷ் தணிக்கைக் குழுவின் யூ என்பது நாலு வயதும் அதற்கு மேலும். என் மகளுக்குப் போன நத்தாரில் மூன்றரை. அதோடு, ஒரு குறிப்பிட்ட பிள்ளையை எது கலக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றும் அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த முத்திரையான பிஜி என்றால், எட்டு வயது மட்டிலான பிள்ளையை அது கலங்கவைக்கக் கூடாது என்பது கணக்கு. அமெரிக்க பிஜியில் வயதே இல்லை. சில விஷயங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதோடு சரி. இந்தியாவில் 2024 இல்தான், பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற யூஏ முத்திரையை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தார்கள்.

இந்த இடத்தில் அத்தானின் சிபாரிசு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் பார்த்த ஞாபகத்தில், "கிரெம்லின்ஸ் போடுங்களேன், நத்தார்ப் படம்தானே, குட்டியான பிராணி ஒன்று வரும்" என்றார். வரும்தான். அந்தக் குட்டிப் பிராணியிலிருந்து வேறு பிராணிகளும் வரும், குசினியில் மிக்சிக்குள் ஒன்று அரைபடும். போதாதற்கு, புகைபோக்கிக்குள் சிக்கி இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி ஒரு பெண் கதை சொல்வாள். அந்தக் கதையின் கடைசி வசனம் நத்தார் தாத்தாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். 1984 இல் பிஜி முத்திரையோடு வந்த படம். அதையும் அதே கோடையில் வந்த இன்னொரு சாகசப் படத்தையும் பார்த்துப் பெற்றோர் கொதித்ததால்தான் அமெரிக்காவில் பிஜி 13 என்ற புதிய முத்திரை அந்த ஜூலையில் பிறந்தது. அத்தான் நல்லவர், அவருடைய ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது.

சரி, இந்த வருடம் அப்படி விடவில்லை. நவம்பரில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஐந்து நத்தார்ப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைச் சத்தமே இல்லாமல். கணவர் சிரித்தார். ஆனால் அதுதான் எனக்கு உதவியது. எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ். மகளுக்கு இங்கிலிஷில் நிறங்களும் மிருகங்களும் 'சிட் டவுன்' 'ஸ்டாண்ட் அப்' என்று நர்சரியில் சொல்லிக்கொடுத்ததும்தான் தெரியும். பதினொன்று ஒரு படம் பார்க்கும்போது, அதே பாயில் நாலரை பார்ப்பது வேறு படம். பாத்திரங்கள் வாயை அசைக்கின்றன, முகம் மாறுகிறது, இசை உயர்கிறது, இருட்டு வருகிறது. "பயப்படாதே, இது பொம்மைதான்" என்று திரையில் யாராவது சொன்னாலும் அவளுக்கு அது ஒரு சத்தம். முத்திரை குத்துகிறவர்கள் பேச்சு புரிகிற பிள்ளையை மனதில் வைத்துத்தான் குத்துகிறார்கள். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை.

ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எண்பதுகளில் ஒரு வேலை செய்தார். சாதுவான மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை ராட்சசனாக மாறும் 'ஹல்க்' தொடரின் ஒரு பகுதியைப் பல வயதுப் பிள்ளைகளுக்கும் காட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் போகாத சின்னதுகள் கூடுதலாகப் பயந்தது அவர் ராட்சசனாக மாறிய பிறகு. அவர் உதவி செய்யத்தான் மாறுகிறார் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. பெரிய பிள்ளைகள் அதற்கு முன்பே, ஆபத்து நெருங்கும்போதே பயந்துவிட்டார்கள். அவர் மாறிய பிறகு அவர்களுக்கு நிம்மதி. சின்னதுக்குத் தோற்றம்தான் எல்லாம். இதை வாசித்தபோது எனக்கு அந்த நூல்பொம்மைதான் ஞாபகம் வந்தது.

ஆகவே போலார் எக்ஸ்பிரஸ் இந்த வருடமும் வேண்டாம். பொம்மைப் பெட்டியை மட்டும் தாண்டி ஓட்டிவிடலாமே என்று அக்கா கேட்டாள். ரயில் கூரையில் இரவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் ஆவி போன்ற ஒரு மனிதர் இருக்கிறார். உறைந்த ஏரியில் ரயில் தடம் விட்டுச் சறுக்குகிறது, பின்னால் ஐஸ் வெடித்துக்கொண்டே வருகிறது. அதையும் விடுங்கள். நடிகர்களின் அசைவைக் கணினியில் பதிந்து செய்த படம் அது. முகங்கள் மனிதர் போலவும் இல்லை, கார்ட்டூன் போலவும் இல்லை. சத்தத்தை அணைத்துப் பார்த்தால் எனக்கே அந்தக் கண்களைப் பிடிக்கவில்லை. ஏழெட்டு வயதில் 'நத்தார் தாத்தா உண்மையா' என்று சந்தேகம் வரும் பிள்ளைக்கு அருமையான படம், அதை மறுக்க மாட்டேன். சந்தேகமே இல்லாத பிள்ளைக்கு அந்தக் கேள்வியை நாம் ஏன் கையில் கொடுக்க வேண்டும்? எங்கள் பங்கு இளைஞர்கள் லொறியில் பஜனை பாடிக்கொண்டு வந்து டொஃபி எறியும்போது, தாத்தா வேஷத்தில் இருப்பவரின் செருப்பைப் பார்த்து "மாமாட செருப்பு" என்று மகள் போன வருடமே கண்டுபிடித்துவிட்டாள். அப்படியும் நம்புகிறாள். மாமாவின் செருப்பைத் தாத்தா இரவல் வாங்கியிருக்கிறாராம்.

அடுத்தது 'ஹோம் அலோன்'. இதற்குத்தான் வாக்கு அதிகம், எட்டும் பதினொன்றும் ஒரே கட்சி. 1990 படம், 103 நிமிடம், பிஜி. பாரிஸுக்குப் போகும் அவசரத்தில் குடும்பம் எட்டு வயதுப் பையனை வீட்டில் மறந்துவிட்டுப் போகிறது. அவன் இரண்டு திருடர்களை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறான். (எங்கள் மாடியில் இந்தக் கதை நடக்காது. ஒரு பிள்ளை தனியாக இருக்கிறது என்று தெரிந்தால் பத்து நிமிடத்தில் மூன்று ஆன்ட்டிமார் சாப்பாட்டுத் தட்டோடு கதவைத் தட்டுவார்கள்.)

இதைச் சத்தமில்லாமல் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. நான் எதிர்பார்த்த அளவுக்குப் பயம் இல்லை. ஒருவன் முகத்தில் ஸ்திரிக்கைப் பெட்டி விழுகிறது, இன்னொருவன் தலை நெருப்பில் கருகுகிறது, பாதத்தில் ஆணி ஏறுகிறது, பெயின்ட் டின் பறந்து வந்து மூஞ்சியில் அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் எழும்பிவிடுகிறார்கள். வடிவேலு அடிவாங்கி எழும்புவதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதன் மொழி ஏற்கனவே தெரியும். மகளைக்கூட ஆணிக் காட்சியில் கண்ணைப் பொத்திவிட்டால் மிச்சத்தைச் சிரித்துப் பார்த்துவிடுவாள். சனிபகவான் மாதிரி ஊர் பயப்படும் ஒரு கிழவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கையில் பெரிய சவள், முகத்தில் சிரிப்பில்லை. அவர் நல்லவர் என்பது கோயிலுக்குள் நடக்கும் ஒரு பேச்சில்தான் தெரியவருகிறது. அந்தப் பேச்சு மகளுக்கு எட்டாது. ஆனால் கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர் கெட்டவராக இருக்க மாட்டார் என்பது அவளுடைய சொந்தச் சட்டம், அது போதும்.

இந்தப் படத்தின் ஆபத்து வேறு பக்கத்தில். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகன் இதைப் பார்த்த மறுநாள் காலை, தன் சின்னக் கார்கள் பதினேழையும் பாத்ரூம் வாசலில் வரிசையாகப் பரப்பிவைத்தான், படத்தில் பையன் பரப்பிவைப்பது போலவே. திருடன் வரவில்லை. அம்மா வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அறுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்புக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க முடியவில்லை. அவனுக்கு அடி விழவில்லை, ஏனென்றால் "அம்மம்மா விழுந்தா திரும்ப எழும்புவாங்க எண்டு நினைச்சன்" என்று அழுதுகொண்டே சொன்னான். படம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

பேச்சு விஷயத்தில் இங்கே கணக்கு தலைகீழ். படத்தில் பெரியப்பன் ஒருவர் பையனைக் கேவலமாகத் திட்டுவார், அண்ணன்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். நாலரைக்கு இது எதுவும் விளங்காது. இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்த பதினொன்றுக்குத்தான் விளங்கும், அவள்தான் அடுத்த வாரம் தம்பியிடம் பிரயோகிப்பாள்.

'த ஸ்டார்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 படம், 86 நிமிடம், பிஜி. பெத்லகேம் கதையை மரியாளைச் சுமந்து போகும் கழுதையின் பக்கத்திலிருந்து சொல்கிறது. எங்கள் மகளுக்கு இதில் பேச்சு புரிய வேண்டிய தேவையே இல்லை. குடிலில் தன் கையால் வைத்த சூசையப்பர், கழுதை, மூன்று ஒட்டகம் எல்லாம் எழும்பி நடக்கின்றன. அடுத்தது என்ன என்று அவளே எனக்குச் சொல்வாள். ஏரோது அனுப்பும் வேட்டைக்காரனும் அவனுடைய இரண்டு நாய்களும் மட்டும் கொஞ்சம் முரடு. ஒழுங்கையில் நாய் நின்றாலே என் பின்னால் ஒளிகிறவளுக்கு அது ஒரு சங்கடம்தான், ஆனால் தாங்கக்கூடிய சங்கடம்.

எனக்குத் தயக்கம் எதிர்வீட்டுப் பையனைப் பற்றி. ஈஸா நபியும் மர்யமும் அவர்களுக்கும் பெரியவர்கள். கதையில் அவனுக்கு அந்நியம் இல்லை. ஆனால் நபிமாரை உருவமாகக் காட்டுவது பல முஸ்லிம் வீடுகளில் ஏற்கமாட்டாத காரியம். படி இறங்கும்போது எதிர்வீட்டு ராத்தாவிடம் நேராகவே கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "அது மட்டும் வேணாம் தங்கச்சி, மத்தது எது எண்டாலும் போடுங்க" என்றார். கேட்டதற்குச் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், மறுநாள் ஒரு தட்டு சமோசா வந்தது. எந்த வயது முத்திரையிலும் இந்தக் கேள்வி இல்லை. கொழும்பு மாடிவீட்டில் நாலு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் காட்டுகிறவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆக, ஸ்டார் 25ஆம் திகதி பகலுக்கு, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்.

மிச்சம் இரண்டு. என்னை அதிகம் யோசிக்கவைத்தவை இவைதான்.

'த ஸ்னோமேன்' 1982 இல் பிரிட்டிஷ் டிவிக்காகச் செய்தது. 26 நிமிடம். பேச்சே இல்லை, நடுவில் ஒரு பாட்டு, மற்றதெல்லாம் இசை. கலர் பென்சிலால் கீறியது போன்ற படம். ஒரு பையன் பனியில் மனிதன் செய்கிறான், இரவில் அது உயிர் பெறுகிறது, இருவரும் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் போகிறார்கள் (ஹெல்மெட் இல்லாமல், அதைப் பதினொன்றுதான் கவனித்தாள்), வடதுருவத்துக்குப் பறக்கிறார்கள். காலையில் பையன் ஓடிவந்து பார்த்தால் பனிமனிதன் கரைந்துபோயிருக்கிறான். தொப்பியும் கொஞ்சம் பனியும் கிடக்கின்றன. பையன் முழந்தாளில் இருக்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது. யாரும் வந்து தட்டிக்கொடுப்பதில்லை.

மகளுக்கு இதை முன்பே ஒரு ஞாயிறு பின்னேரம் காட்டிப் பார்த்தேன். பயம் ஒரு இடத்திலும் வரவில்லை. முடிவில் அழுதாள். நல்ல அழுகை, மூக்கு ஒழுக. "ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருந்தா கரைஞ்சிருக்க மாட்டார்தானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளே போய் ஐஸ் தட்டிலிருந்து இரண்டு கட்டிகளை எடுத்து, சாசரில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூக்குக்கு ஒரு கராம்பு குத்தப் பார்த்தாள். குத்துப்படவில்லை, மேலே படுக்கவைத்தாள். மேசைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மின்விசிறி ஓடுகிறது, கொழும்பு வெக்கை. மேல்கட்டி சறுக்கி விழுந்தது, பிறகு இரண்டும் ஒன்றாகின, பிறகு சாசரில் தண்ணீரும் கராம்பும். "முடிஞ்சு" என்று சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் பல்கனியில் துளசிக்கு ஊற்றினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

இதை வைத்துத்தான் நான் அக்காவிடம் வாதாடினேன். அவள் கட்சி: நத்தார் அன்று பிள்ளை அழக் கூடாது. என் கட்சி: போன வருடம் பிள்ளை அழவே இல்லை, மூன்று மாதம் முன்னறை லைட்டை அணைக்க விடவில்லை. இந்த வருடம் அழுதாள், பத்து நிமிடத்தில் முடிந்தது. திகில் உள்ளே தங்குகிறது. துக்கம் கேள்வியாக வெளியே வருகிறது, கேள்வி வந்தால் நமக்கும் ஏதாவது செய்ய இடம் உண்டு. அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை என்றால் நானும் யோசிப்பேன், ஒத்துக்கொள்கிறேன்.

நேரமும் ஒரு விஷயம். ஐந்து வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. நத்தார் அன்று அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு. ஆனாலும் 26 நிமிடம் 26 நிமிடம்தான். மகளை ஏழு மணிக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்தால் பதினொன்றரைக்கு எழுப்பிப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 103 நிமிடப் படம் போட்டால் பூசை முழுக்கத் தோளில் சிணுங்கல்.

பெரியதுகள் 26 நிமிடத்தோடு விட மாட்டார்கள். அவர்களுக்கு 'கிளாஸ்'. 2019 இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது; ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பிஜி. ஸ்பெயின்காரரான செர்ஜியோ பாப்லோஸ் இயக்கியது, கையால் வரைந்த படம். நடுவிலிருந்து ஒரு துண்டை முன்பே போட்டுக் காட்டியபோது, கணினிப் படங்களே பார்த்து வளர்ந்த எட்டு வயதுக்காரன் "இது ஏன் சித்தி வேற மாதிரி வடிவா இருக்கு?" என்று கேட்டான்.

வடக்கே ஒரு குளிர்த்தீவில் இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்கின்றன. ஏன் என்று கேட்டால், எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்பது பதில். பகை வீட்டுப் பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார விட மாட்டோம் என்று யாரும் பிள்ளைகளை அனுப்பாததால், டீச்சர் வகுப்பறையில் மீன் வெட்டி விற்கிறார். அங்கே தண்டனையாக அனுப்பப்பட்ட சோம்பேறித் தபால்காரனும் காட்டில் தனியாக வாழும் ஒரு தச்சரும் சேர்ந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுபோகத் தொடங்குகிறார்கள். சாமான் வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும், கடிதம் எழுத வேண்டுமென்றால் படிக்க வேண்டும். நத்தார் தாத்தாவின் கதை இப்படித் தொடங்கியிருக்கலாம் என்பது படத்தின் கற்பனை.

முதல் இருபது நிமிடம் இருட்டும் சண்டையுமாக இருக்கிறது. தச்சர் முதலில் தோன்றும்போது கையில் கோடரி. நாலரைக்கு இது கூடாது, சந்தேகமே இல்லை. தச்சரின் மனைவி இறந்துபோனவர், பிள்ளை வேண்டும் வேண்டும் என்று இருந்தவர்கள். கடைசியில் தச்சரும் ஒருநாள் காற்றோடு போய்விடுகிறார். எட்டு வயதுக்காரன் "செத்துப் போனாரா?" என்று கேட்கப்போகிறான், அதற்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் படத்தில் மார்கு என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள், வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி இனத்தவள். அவள் பேசுவது அந்த ஊர் மொழி இல்லை, சாமி மொழி. அவள் பேச்சுக்குக் கீழே வசனவரி போடவில்லை. தபால்காரனைப் போலவே நாமும் முழித்துக்கொண்டு, அவள் கையையும் முகத்தையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பதினொன்று இந்த இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நர்சரியின் முதல் வாரத்தில் சிங்கள டீச்சரிடம் தண்ணீர் கேட்கத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றவள் அவள். "சித்தி, இவ நான்" என்றாள். இங்கிலிஷ் தெரிந்தவள், தெரியாதவள் என்று எங்கள் பாயில் இருந்த வித்தியாசம் அந்த மூன்று நிமிடத்துக்கு இல்லை. பின்னால் கதவோரம் நின்று களவாகப் பார்த்துக்கொண்டிருந்த நாலரையும் மார்குவை மற்றவர்கள் அளவுக்கே புரிந்துகொண்டாள்.

தமிழ் ஒலி இருக்கும் படம் என்றால் இந்தக் கவலையில் பாதி குறையும். ஒலித் தெரிவில் தமிழ் இருக்கிறதா என்று முதல்நாளே திறந்து பாருங்கள், 24ஆம் திகதி மாலை கையில் சீனிப்பாகோடு தேட வேண்டாம். ஒரு குறை: இந்தியத் தமிழ் ஒலியில் ஒரு கார்ட்டூன் பார்த்த மகள் ஒரு வாரம் அம்மம்மாவை "இன்னாம்மா" என்று கூப்பிட்டாள். அம்மாவுக்கு அது ஹோம் அலோனைவிட மோசமான விளைவு.

ஆக, இந்த 24ஆம் திகதிக்கு இப்படி வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு ஸ்னோமேன், நாலு பேரும். அப்புறம் சாப்பாடு; நாலரை படுக்கைக்கு, ஆறு வயதுக்காரன் விரும்பினால் வீட்டுக்கு. ஏழரைக்கு கிளாஸ், எட்டுக்கும் பதினொன்றுக்கும். எதிர்வீட்டுப் பையன் இருந்து பார்க்கிறேன் என்றால் என் மடியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளை பயந்தால் விளக்கம் சொல்வதைவிட அணைத்துக்கொள்வது உதவும் என்று கேன்டரும் சொல்கிறார், எங்கள் அம்மாவும் சொல்கிறார்.

மடியில் பிள்ளை இருந்தால் கேக்குக்கு யார் தாள் சுற்றுவது என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கேக், தாள், கத்தரிக்கோல், ரிபன் எல்லாவற்றையும் முன்னறைப் பாய்க்கே கொண்டுவருகிறோம். வேலை கொஞ்சம் இழுபடும், கோழிமுட்டை வாசத்தோடு பாயில் துகள் கொட்டும், எறும்பு வரும். பரவாயில்லை.

ஹோம் அலோன் 26ஆம் திகதி பின்னேரம், அக்கா வீட்டில். பதினேழு கார்களையும் அதற்கு முன் அம்மா தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.